பிரித்துவிட்ட தையல்

அத்தியாயம் பதினான்கு

எண்ணுக்கு அஞ்சியவள் அவள். அஞ்ச வைத்தவர்கள் நிமிர்ந்து நடக்கிறார்கள். அஞ்சியவள் குனிந்து நடக்கிறாள். உலகத்தின் ஒழுங்கு இப்படித்தான் இருக்கிறது.

ஆறு மாதங்களுக்கு முன், மருத்துவமனைக் கூடத்தில் நாற்பது பேர் காத்திருந்த வேளையில், எடை பார்த்த ஊழியர் அவளுடைய எடையை ஏலம் கூறுவதைப் போல உரக்கக் கூறினார். நாற்பது தலைகளும் திரும்பின. தம்பிக்குத் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்க வந்தவள், எதையோ எடுத்துக்கொண்டு பிடிபட்டவளைப் போலக் கருவியிலிருந்து இறங்கினாள். மருத்துவர் மறுபடி அழைக்கும் நாள்வரை எந்த எடைக்கருவியிலும் ஏறுவதில்லை என்று அன்றே முடிவு செய்தாள்.

எட்டுக் கிலோ குறைய வேண்டும் என்பது மருத்துவர் விதித்த நிபந்தனை. வீட்டில் வேறு யாருடையதும் தம்பிக்குப் பொருந்தவில்லை. பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த அந்த மனிதன், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறான்.

பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கே செய்யும் தொழிலே ஆளின் பெயர். துணி வெட்டுகிற இவள் மாஸ்டர். பொத்தான்துளை போடுகிறவள் காஜா. பெட்டி தேய்க்கிறவள் இஸ்திரி. கைத்தையலும் பிரித்துத் தைக்கும் வேலையும் பார்க்கிற ஒல்லியான பெண் ஊசி. ஊசி வெளியாள் அல்லள்; மாஸ்டருடைய தம்பியின் மனைவி.

எடைக்கருவி வேண்டாம் என்று மாஸ்டர் சொன்னபோது வழி கண்டுபிடித்தவள் காஜா.

"மெஷின் எதுக்கு? நமக்கு விரல் இருக்கு. கோட்டை மாட்டு, பொத்தானைப் போடு. இடுப்புல எத்தனை விரல் நுழையுதோ அதான் நம்ம கணக்கு."

தைக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. உடம்பைவிட உடையை நம்பினார்கள். கூடத்தின் ஆணியில் தொங்கும் நீல வேலைக் கோட்டை மாஸ்டர் அணிய, வெள்ளிக்கிழமை தோறும் முதல் மணிக்கு முன் காஜா விரல் நுழைத்துப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எதிரே உள்ள மைதானத்தை நால்வரும் சுற்றினார்கள். பத்து வாரத்தில் இரண்டு விரல் நுழைந்தது. அதன் பிறகு மூன்று வெள்ளிக்கிழமை அதே இரண்டு விரல். மூன்றாம் வெள்ளியன்று கோட்டைக் கழற்றி வெட்டுமேசையில் எறிந்தாள் மாஸ்டர். "என்னால முடியாது. வேற ஆளைப் பாருங்க" என்றாள்.

வேறு ஆள் இல்லை என்பது ஊசிக்குத் தெரியும்.

குழந்தைகள் வளர்வார்கள் என்பதற்காகச் சீருடையின் பக்கத் தையலுக்குள் துணியை மடித்து விட்டுத் தைப்பது அந்தக் கூடத்தின் வழக்கம். மாஸ்டரின் கோட்டும் அப்படி வெட்டியதுதான். அன்று மாலை மற்றவர்கள் போன பிறகு, அந்தக் கோட்டின் இரு பக்கத் தையலையும் பிரித்து, கால் அங்குலம் வெளியே தள்ளித் தைத்து, மறுபடி ஆணியில் மாட்டினாள் ஊசி. அடுத்த வெள்ளியன்று விரல் தாராளமாக நுழைந்தது. மாஸ்டர் சிரித்தாள், மைதானத்தை ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினாள். அதற்குப் பிறகும் இரண்டு முறை ஊசி தையலைப் பிரித்தாள். மாஸ்டருக்குத் தெரியாது என்று இன்றுவரை நம்பிக்கொண்டும் இருந்தாள்.

இன்று மருத்துவர் அழைத்த நாள்.

●

காலையில் மாஸ்டரின் கணவர் பாதித் தட்டோடு எழுந்தார்.

"போதும். வயிறு ஒரு மாதிரி இருக்கு. நீ பாத்துக்க."

கல்லூரிக்குக் கிளம்பிய மகனும் தட்டைத் தள்ளினான். "வீணாக்காதம்மா, நல்லாத்தான் இருந்துச்சு."

மாஸ்டர் பார்த்துக்கொண்டாள். இருபத்தாறு ஆண்டுகளாக அப்படித்தான் பார்த்துக்கொள்கிறாள். மிஞ்சியதைக் கொட்ட ஒரு வீட்டுக்குத் தொட்டி வேண்டும். அந்தத் தொட்டிக்கு அம்மா என்று பெயர் சூட்டிவிட்டால் தொட்டி வாங்கும் செலவு இல்லை. தியாகம் என்று இன்னொரு பெயரையும் சேர்த்துச் சூட்டிவிட்டால், தொட்டியே தன்னை எண்ணிப் பெருமைப்பட்டுக்கொள்ளும்.

தனக்கென்று அளந்து எடுத்துக்கொண்டதை அவள் முன்பே சாப்பிட்டாயிற்று. தோழியரிடம் நாள்தோறும் ஒப்பிப்பதும் அந்த அளவைத்தான். அளவுக்கு வெளியே இருந்தவையோ இந்த இரண்டு தட்டுகள். வாசற்கதவு மூடிய சத்தம் கேட்டதும், கழுவும் தொட்டியின் பக்கம் நின்றபடி, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அவற்றைத் தின்று முடித்தாள். குழாயை ஏன் திறந்தாள்? வீட்டில் யாரும் இல்லையே. தன் வாயின் சத்தம் தன் காதிலேயே விழக்கூடாது என்றுதான்.

இன்றைக்காவது விட்டிருக்கலாம். விடவில்லை.

●

கூடத்தில் முதல் மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. மாஸ்டர் கோட்டை மாட்டிப் பொத்தான்களைப் போட்டாள். காஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நிமிர்ந்து நில்லு. வயித்தை எக்காத. எக்கினா கண்டுபிடிச்சுருவேன், எனக்கும் அந்த வித்தை தெரியும்."

ஒரு விரல் நுழைந்தது. இரண்டு, மூன்று, நான்கு. கட்டை விரலையும் மடக்கி உள்ளே தள்ளினாள் காஜா.

"முழுக் கையும் போகுதுடி. இஸ்திரி, வந்து பாரு. இதுக்குள்ள இன்னொரு ஆளைக் குடி வைக்கலாம்."

இஸ்திரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். அதிகம் பேசாதவள் அவள். மாஸ்டரின் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

"கை முழுசும் போகுது. கன்னம் மட்டும் அப்படியே இருக்கே" என்றாள்.

"நீ வாயைத் தொறக்கறதே அபூர்வம், அதுல இதையா சொல்லணும்? கன்னம் கடைசியாத்தான் கரையும்" என்று காஜா அடக்கினாள்.

மூலையில் ஊசி நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் நுனி மூன்று முறை விலகிப் போயிற்று. நான்காம் முறையும் நுழையவில்லை.

"என்னடி, உன் பேரையே மறந்துட்டியா?" என்றாள் காஜா. "போ, உங்க அண்ணியைக் கூட்டிக்கிட்டுப் போயி நல்ல சேதியோட வா. இன்னைக்கு மைதானத்தைப் பத்து சுத்து சுத்தறோம்."

இருவரும் வேலைக் கோட்டோடே பேருந்து ஏறினார்கள். வழி முழுவதும் ஊசி சன்னலைப் பார்த்தாள். மாஸ்டர் தன் கைகளைப் பார்த்தாள்.

●

இந்த முறை எடைக்கருவி தனி அறையில் இருந்தது. செவிலிப் பெண் கதவைச் சாத்தினாள்.

"கோட்டு, செருப்பு ரெண்டையும் கழட்டிட்டு ஏறுங்கம்மா."

கோட்டைக் கழற்றி ஊசியின் மடியில் வைத்துவிட்டு ஏறினாள் மாஸ்டர். எண்ணைச் செவிலி உரக்கச் சொல்லவில்லை. ஒரு தாளில் எழுதி, மடித்து, மருத்துவர் அறைக்குக் கொண்டு போனாள். இந்தச் சிறு மரியாதையை ஆறு மாதத்துக்கு முன் செய்திருந்தால் ஒரு கோட்டை நம்ப வேண்டிய நிலை இவளுக்கு வந்திருக்குமா? பெண்ணின் உடலை நாலு பேர் நடுவே எண்ணாக்கிக் கூவுகிறவர்கள், அந்த எண் அவளுக்குள் எத்தனை பொய்களைக் குட்டிபோடும் என்று கணக்குப் பார்ப்பதில்லை.

மருத்துவர் தாளைப் பிரித்தார்.

"அஞ்சு கிலோ குறைச்சிருக்கீங்க. நல்ல முயற்சிம்மா, நான் குறை சொல்லல. ஆனா எட்டுன்னு சொன்னது உங்க உயிருக்காகத்தான். இப்படியே ஆபரேஷன் பண்ணி உங்களை நான் ஆபத்துல விட முடியாது."

"அடுத்த மாசம் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருந்தீங்களே" என்று ஊசி கேட்டாள்.

"அந்தத் தேதியை இன்னொருத்தருக்குக் குடுக்க வேண்டியதுதான். ஆறு வாரம் கழிச்சு மறுபடி பாக்கலாம். அதுக்காகப் பட்டினி மட்டும் கெடக்காதீங்க."

"அவரு ஆறு வாரம் தாங்குவாரா?"

மருத்துவர் பேனாவை மூடினார். "தாங்கணும்னுதான் நாம எல்லாரும் பாக்கறோம்."

●

நடைவழியில் ஒரு நீளப் பலகை. இருவரும் அதன் இரு ஓரங்களிலும் உட்கார்ந்தார்கள். கோட்டு இன்னமும் ஊசியின் மடியில்தான் கிடந்தது. அதை அவள் மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அண்ணி, இந்தக் கோட்டு..."

"தெரியும்."

ஊசி நிமிர்ந்தாள்.

"ரெண்டாவது தடவை நீ பிரிச்சப்பவே தெரியும்" என்றாள் மாஸ்டர். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் ஊசியை அதிகம் வதைத்தது. "நூலு அதே நீலமாப் பாத்து எடுத்திருக்க. தையலும் நேராத்தான் இருக்கு. ஆனா பழைய ஊசி ஓட்டையை எங்கடி மறைப்ப? உள்ள மடிச்சு வெச்ச துணி வெளுக்காம இருக்குமே, அதை என்ன பண்ணுவ? பதினெட்டு வருஷமா துணி வெட்டறேன் நான்."

"அப்புறம் ஏன் அண்ணி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ நிறுத்திருவ. நீ நிறுத்தினா நானும் நிறுத்தணும்."

"நீங்க எதை நிறுத்தணும்?"

மாஸ்டர் தன் உள்ளங்கையை மற்றொரு கையால் தேய்த்தாள். தன் வீட்டின் இரண்டு தட்டுகளைப் பற்றியும் திறந்துவிட்ட குழாயைப் பற்றியும் முதன்முறையாக வெளியே சொன்னாள். தினமும் காலையும் இரவும். நேற்றும். இன்றைக்கும்.

"கோட்டு தளர்ந்துக்கிட்டே போச்சா, பரவாயில்ல, தின்னாலும் குறையுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய்யின்னு தெரிஞ்சேதான் சொல்லிக்கிட்டேன்டி."

ஊசியின் கண்கள் நிறைந்தன. ஆனால் அவள் அழுதது மாஸ்டருக்காக அல்ல; அதை ஒப்புக்கொள்ளும் நேர்மை அவளுக்கு அந்தப் பலகையில்தான் வந்தது.

"நீங்க மனசு ஒடஞ்சிரக் கூடாதுன்னு பிரிச்சேன்னு இத்தனை நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். இல்ல அண்ணி. நீங்க விட்டுட்டா என் புருஷன் போயிருவாரேன்னுதான் பிரிச்சேன். உங்களை மனுஷியா நான் நினைக்கல. ஒரு கிட்னியாத்தான் நினைச்சேன்."

நடைவழியில் தள்ளுவண்டி ஒன்று சக்கரம் கிறீச்சிடப் போயிற்று. போன பிறகு மாஸ்டர் சொன்னாள்: "அவன் எனக்குத் தம்பிடி. நானும் என்னை அப்படித்தான் நினைச்சிருக்கணும். நினைக்காமத் தின்னேன்."

●

டயாலிசிஸ் அறையில் தம்பி படுத்திருந்தான். கையிலிருந்து இரண்டு குழாய்கள் இயந்திரத்துக்குப் போயின. அக்காவைக் கண்டதும் அடுத்த கட்டிலில் இருந்தவரிடம் சொன்னான்: "நான் சொன்னேன்ல, இதுதான் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடை."

பிறகு அக்காவைப் பார்த்தான். "இன்னைக்கு எத்தனை விரல்?"

மாஸ்டர் வாயைத் திறந்தாள். அதற்குள் ஊசி முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் சரியா இருக்கு. ஆஸ்பத்திரியிலதான் ஏதோ தேதிக் குழப்பமாம். ஆறு வாரம் தள்ளிப் போகுது."

பலகையில் உண்மை பேசிய நாக்கு, இருபது அடி நடந்து வருவதற்குள் பழைய வழிக்குத் திரும்பிவிட்டது. மாஸ்டர் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. தம்பியின் போர்வை விலகி இருந்தது. அதைக் கால்வரை இழுத்து விட்டாள்.

"சரி" என்றான் தம்பி. இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி, போங்க. வேலை இருக்கும்ல."

●

நல்ல சேதிக்காகக் கூடத்தில் காத்திருந்தார்கள். மாலை மணி அடித்தும் காஜா இயந்திரத்தை மூடாமல் இருந்தாள். ஊசி கோட்டை வெட்டுமேசையில் விரித்துப் போட்டு, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, நடந்ததை நின்ற இடத்திலேயே சொன்னாள். மாஸ்டரும் தன் பங்கைச் சொன்னாள்.

தையலுக்கு அருகே, வெளுக்காத நீலத்தின் மேல், பழைய ஊசித் துளைகள் மூன்று வரிசையாக ஓடின. காஜா அவற்றை நகத்தால் தடவினாள்.

"நான் ஊரெல்லாம் சொன்னேன்டி" என்றாள். "பஸ்ஸுல, கடையில, எங்க வீட்டுல. எங்க மாஸ்டரைப் பாருங்கன்னு. என் விரலை வெச்சே என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டியே."

"என்னைத் திட்டு. அவங்களைத் திட்டாத" என்றாள் ஊசி.

"ரெண்டு பேரையும் திட்டுவேன். தெனமும் வெயில்ல உங்ககூட நடந்த காலு இது, அதுக்கு உரிமை இருக்கு."

இஸ்திரி முன்னால் வந்தாள். கோட்டைப் பார்க்கவில்லை, மாஸ்டரைத்தான் பார்த்தாள்.

"ஆயிரம் பிள்ளைங்களுக்கு அளவு பாத்து வெட்டற. உன் வீட்டு ரெண்டு ஆம்பளைங்க தட்டுக்கு அளவு தெரியாதா? நாளையிலேர்ந்து ஆளுக்கு ஒரு கரண்டி குறைச்சு வை. வேணும்னா கேட்டு வாங்கட்டும். மிஞ்சினா மிச்சம் வெச்சவங்களே திங்கட்டும்."

இருபத்தாறு ஆண்டுப் பழக்கத்தை ஒரு கரண்டியால் அளந்து காட்டிவிட்டாள், அதிகம் வாய் திறக்காத ஒருத்தி.

மாஸ்டர் கோட்டை எடுத்து ஊசியிடம் நீட்டினாள். "பிரி. முதல்ல நான் வெட்டின அளவுல தைச்சுக் குடு. இன்னைக்கே."

ஊசி தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தாள். மூன்றாம் தையலைப் பிரித்து நூல் துணுக்குகளை ஊதினாள். எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்த முதல் துளைவரிசையைக் கண்டுபிடித்து, துளை தவறாமல் அதன் மேலேயே தையலை ஓட்டினாள். முடித்து, நூலைக் கடித்து, தலை குனிந்தபடி நீட்டினாள்.

மாஸ்டர் கோட்டை மாட்டினாள். பொத்தான் ஏறுமோ ஏறாதோ என்று இடுப்பருகே கை தயங்கியது. ஏறியது.

காஜா இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள். இருந்தாலும் கை தானாக நீண்டது. ஒரு விரல். இரண்டு. மூன்றாவது விரல் சற்றே உரசியபடி உள்ளே போயிற்று.

"மூணு" என்றாள். அவளே நம்பாமல் எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். "மூணுதான். அன்னைக்கு நீ கோட்டைத் தூக்கி எறிஞ்சப்ப ரெண்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணு நிஜமாவே போயிருக்கு."

இதில் மகிழ யாருக்கும் தோன்றவில்லை. பொய்க்குக் கீழே உண்மை தன் போக்கில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. யாரும் அதைப் பார்க்கவில்லை. இன்னும் சில வெள்ளிக்கிழமைகள் பொறுத்திருந்தால் ஊசி பிரித்திருக்க வேண்டியதில்லை. மாஸ்டரோ வேறொரு கணக்கில் நின்றாள்.

"தின்னுக்கிட்டே ஒரு விரல் போயிருக்கு" என்றாள் மெதுவாக. "தின்னாம இருந்திருந்தா அந்தத் தேதி நம்ம கையில இருந்திருக்கும்."

மறுத்தால் அதுவும் ஒரு பொய்யாக இருந்திருக்கும்.

●

டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பியிருந்த தம்பியைத் தொலைபேசியில் அழைத்தவள் மாஸ்டர்தான். ஊசி பக்கத்தில் நிற்க, கோட்டைக் கழற்றாமலே பேசினாள்.

"டேய், கேளு. மத்தியானம் சொன்னது பொய். தேதிக் குழப்பம் ஒண்ணும் இல்ல. எட்டு குறையணும், அஞ்சுதான் குறைஞ்சுது. தப்பு என்னுது."

"என்னுதும்" என்றாள் ஊசி, தொலைபேசியின் பக்கம் குனிந்து.

"தெரியும்க்கா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே நர்ஸு சொல்லிட்டாங்க. நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன்."

மாஸ்டர் ஊசியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் என் மூஞ்சியைப் பாத்துப் பொய் சொன்னது இதான் முதல் தடவை" என்றான் தம்பி. "ஒருத்தி போர்வையை இழுத்து விடறா, இன்னொருத்தி தரையைப் பாக்கறா. என்னாலதானே இந்தக் கதி? அதான், நீங்க போனதும் ஒரு பேப்பர் கேட்டு வாங்கினேன். எங்க அக்கா கிட்னி எனக்கு வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

ஊசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காஜா ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

மாஸ்டர் அழவில்லை. இடுப்பில் கை வைத்தாள். பழைய தையலுக்குள் மூன்று விரல் நுழைந்தது; யாரும் ஏமாற்றாத மூன்று விரல்.

"எழுதினியா? எழுதிக்க" என்றாள். "தைச்சதைப் பிரிக்கத் தெரிஞ்ச ஆளுங்கடா நாங்க. உன் பொண்டாட்டி என் கோட்டை மூணு தடவை பிரிச்சவ. ஒரு கையெழுத்தைப் பிரிக்க மாட்டாளா? வீட்டுலயே இரு, வர்றோம்."

"பஸ்ஸுல வாங்கக்கா, இருட்டப் போகுது."

"நடந்துதான் வருவேன்" என்று தொலைபேசியை வைத்தாள்.

இஸ்திரி முன்பே பெட்டியை அணைத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.